அழுத்தம் கூட்டிய நாட்கள்

சனிக்கிழமையோடு ஜெயபாண்டி வேலையை விட்டு நின்றுகொள்ளட்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்ட செய்தி, புதன்கிழமை மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிற நேரத்தில் மாரீஸ்வரியின் காதுக்கு வந்தது. பேக்கிங்கில் இருக்கும் யுவராணிதான் சொன்னாள்.

"மதுரையில பத்து வருசம், இங்க ஆறு வருசம் மாத்திரை அடிச்ச மனுசன். மேடம் ரூம்ல இருந்து வெளிய வந்தாரு, நேரா குழாயடிக்குப் போயி மூஞ்சியக் கழுவுனாரு. அழுதாரா என்னன்னு தெரியல."

"எதுக்காம்?"

"எதுக்கா? நாள் சரக்கு அப்படியே லாட்டு லாட்டாக் கழியுதுல்ல. மாத்திரை மூடி மாதிரி மண்டை கழண்டு வருதுன்னு கடைக்காரவுக திருப்பி அனுப்பியிருக்காக. மாத்திரை மெஷின் கம்பெனி ஆளு வந்து பாத்துட்டு, மெஷின்ல ஒரு கொறையும் இல்லன்னுட்டுப் போயிட்டான். பெறகு ஆளுதான கொறை?"

மாரீஸ்வரி தயிர்சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகத் தோன்றவில்லை. ஜெயபாண்டி அவளோடு சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. மல்லாங்கிணற்றிலிருந்து பைக்கில் வருவார், தன் அறைக்குள் போவார், மாலையில் கிளம்புவார். ஆனால் அவர் கையில் மெஷின் கெட்டது என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கம்பெனி அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், முன்பு பருத்திக் கிட்டங்கியாக இருந்த கட்டடத்தில் நடந்தது. முதலாளியம்மா ஜெகதீஸ்வரி மேடத்தின் குடும்பத்துக்கு டவுனில் மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக்கடை. கடையில் பொட்டலமாக விற்ற வயிற்றுப் பொடியை மாத்திரையாக்கினால் வெளியூருக்கும் அனுப்பலாம் என்று அவர்தான் இதைத் தொடங்கினார். நிலாவாரை இலைக்கு இந்தப் பக்கத்து மானாவாரி நிலத்தில் பஞ்சமில்லை. மாரீஸ்வரியின் கொழுந்தன் காட்டிலிருந்துகூட வருசம் நாலு மூட்டை வரும்.

இலையைக் காயவைத்து அரைத்து, கடுக்காயும் சுக்கும் இந்துப்பும் சேர்த்துக் கலந்தால் பஞ்சு மாதிரி லேசான பொடி கிடைக்கும். அதை அப்படியே மாத்திரை மெஷினில் கொட்டினால் அச்சுக் குழிக்குள் சீராக இறங்காது. ஒரு மாத்திரை கனமாகவும் அடுத்தது சொத்தையாகவும் விழும். தண்ணீர் விட்டுப் பிசைந்து குருணையாக்கலாம் என்றால், சூட்டில் காயவைக்கும்போது இலை கருத்துப்போகிறது. அதனால் சொட்டுத் தண்ணீர் படாமல், வெறும் அழுத்தத்திலேயே குருணையாக்கும் பழைய ரோலர் மெஷின் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். மாரீஸ்வரியின் வேலை அதில்தான்.

எதிரெதிராகச் சுற்றும் இரண்டு இரும்பு உருளைகள். மேலே ஒரு திருகாணி பொடியை அவற்றுக்கு இடையில் தள்ளிவிடும். உருளைகள் நசுக்கியதும் பொடி, கனத்த அப்பளம் போலப் பட்டையாக வெளியே வரும். அதை அடியிலிருக்கும் கத்தி உடைத்துச் சல்லடை வழியே குருணையாகத் தள்ளும். எவ்வளவு பலமாக நசுக்குவது, உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றுவது, திருகாணி எவ்வளவு வேகமாகத் தள்ளுவது என்று ஒவ்வொன்றுக்கும் பலகையில் தனித்தனிக் குமிழ். மெஷினைப் பொருத்திவிட்டுப் போன ஆள் ஒரு தாளில் எண்களை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். அழுத்தம் அறுபது பார். உருளை நிமிசத்துக்கு எட்டுச் சுற்று. அறுபது ஏன் அறுபது என்று அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து, காலையில் எடுத்த குருணை மாதிரியைக் கொடுக்க மாரீஸ்வரி லேபுக்குப் போனாள். லேபில் இருப்பது சுகப்பிரியா, காரியாபட்டிக்காரப் பெண். மேசையில் இருந்த தாளில் ஆறு தேதிகளைச் சிவப்பில் சுழித்து வைத்திருந்தாள்.

"இது என்னத்தா?"

"கழிஞ்ச லாட்டுக்கா. இந்த மாசத்துல மட்டும் ஆறு. எல்லா நாளும் கெட்டிருந்தா மெஷின் மேல சந்தேகப்படலாம். சில நாள் மாத்திரை தங்கமா வருது, சில நாள் மண்டை கழலுது. அப்ப அடிக்கிற கையிலதானக்கா கோளாறு?"

"இது அவரு மாத்திரை அடிச்ச தேதியா?"

"இல்லக்கா, நீங்க குருணை போட்ட தேதி. லாட்டு நம்பர் அதுலதான் வரும். அவரு அடுத்த நாள் அடிப்பாரு."

மூன்று, ஏழு, பத்து, பதினான்கு, பதினேழு, இருபத்தொன்று. மாரீஸ்வரி எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தேதிகளாகப் பார்த்தால் அவற்றில் ஒன்றும் தெரியாது. அவளுக்கு அவை கிழமைகளாகத் தெரிந்தன. வியாழன், திங்கள், வியாழன், திங்கள். அவள் தெருவில் தண்ணீர் வருகிற நாட்கள்.

வைகாசிக்கு முன்னால் வரை பஞ்சாயத்துத் தண்ணீர் இரவு ஏழரைக்குத்தான் வரும். பிறகு அவள் தெருவுக்குத் திங்களும் வியாழனும் மாலை ஆறு மணி என்று மாற்றிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் விடுவார்கள். வீட்டில் அவளும் மாமனார் இருளப்பசாமியும் மட்டும்தான். புருசன் ராஜபாண்டி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் வர நாலு நாள் ஆகும். மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். மாமனார் இடுப்பெலும்பு முறிந்து தேறியவர், குடம் தூக்கக் கூடாது. ஐந்து பத்துக்கு வரும் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி நடந்து ஆறு மணிக்குத் தெருக்குழாயில் நிற்க முடியும். அதை விட்டால் அடுத்தது ஆறே காலுக்கு.

அறுபது பாரில் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு பொடி, பட்டையாகாமல் தூளாகவே அடியில் கொட்டும். அந்தத் தூளை அள்ளி மறுபடி மேலே போட்டு ஓட்ட வேண்டும். அதை முடிக்க ஐந்தே முக்கால் ஆகிவிடும். வைகாசி முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, அவள் குமிழைத் தொண்ணூறுக்குத் திருப்பிப் பார்த்தாள். பட்டை தகடு மாதிரி பளபளவென்று வந்தது. தூளே இல்லை. நாலரைக்கு வேலை முடிந்தது. இவ்வளவு நன்றாக வருவதை ஏன் அறுபதில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் அன்றைக்கு அவள் நினைத்தாள். ஆனால் ரெக்கார்டில் அறுபது என்றே எழுதினாள். சுவரில் ஒட்டிய தாளில் அறுபது என்று இருந்ததால் அறுபது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் வியாழனும் அப்படித்தான்.

அவள் தன் அறைக்குத் திரும்பினாள். அந்தந்த நாள் மீந்த குருணையைத் தேதி எழுதிய டப்பாக்களில் அவள் போட்டு வைப்பது வழக்கம். திங்கட்கிழமை டப்பாவிலிருந்து நாலைந்து மணிகளை எடுத்து நகத்தால் நசுக்கினாள். கூழாங்கல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடின. அன்று காலை போட்ட குருணை நகம் பட்டதும் உதிர்ந்தது. இரண்டு டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி இரண்டையும் போட்டாள். அன்றைய குருணை ஊறி, பொங்கி, கொஞ்ச நேரத்தில் சேறாகப் படிந்தது. திங்கட்கிழமைக் குருணை மாலை வேலை முடிகிறவரை டம்ளரின் அடியில் மணி மணியாகவே கிடந்தது.

வீட்டுக்கு வரும்போது ஆடிக் காற்று ரோட்டுப் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. அவள் முந்தானையைக்கூட இழுத்து மூடவில்லை. ராஜபாண்டிக்குப் போன் போட்டாள். "லோடு இறக்கிக்கிட்டு இருக்கேன், பெறகு கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டான்.

மாமனாருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"ஒன்னைய யாரும் கேட்டாகளா?"

"கேக்கல மாமா."

"பெறகு நீயா எதுக்கு வாயக் குடுக்குற? அந்த ஆளு கைத்தொழில் தெரிஞ்சவரு, மதுரைப் பக்கம் எங்கயாச்சும் சேந்துக்குவாரு. ஒன்னைய விரட்டுனா நீ மறுபடி மில்லுக்குத்தான போகணும்? பஞ்சுத் தூசியில ஒனக்கு இழுப்பு வந்தது மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அருப்புக்கோட்டை நூல்மில்லில் ஒன்பது வருசம் நின்றவள் அவள். மூச்சு வாங்கத் தொடங்கியதால்தான் இங்கே வந்து சேர்ந்தாள்.

"கை சரியில்லன்னு பேரைக் கெடுத்துல்ல மாமா அனுப்புறாக. அந்தப் பேரோட போனா எங்க சேப்பாக?"

"ஒன் இஷ்டம்" என்றார் அவர். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அவள் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். ஜெயபாண்டி அதற்கும் முன்னால் வந்திருந்தார். தன் சொந்த ஸ்பேனர்களைத் துடைத்து, ஒரு மஞ்சள் துணிப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துப் போகப்போகிறவர், மாத்திரை அச்சுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டுப் பளிச்சென்று வைத்திருந்தார்.

"அண்ணே."

"என்னம்மா?"

"மாத்திரை கெட்டது ஒங்களால இல்லண்ணே. என்னாலதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். தண்ணீர், பஸ், தொண்ணூறு பார், ரெக்கார்டில் எழுதிய அறுபது, டம்ளர். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. முடித்தபோது கையிலிருந்த ஸ்பேனரைப் பைக்குள் போடாமல் மேசைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார்.

"ரெண்டு மாசமா நான் தூங்கல, தெரியுமா? மாத்திரை பொலபொலன்னு வருதேன்னு அச்சு அடிக்கிற அடியைக் கூட்டுவேன். கூட்டுனா மண்டை கழலும். கொறைச்சா மறுபடி உதிரும். எனக்குத்தான் கை வெலங்காமப் போச்சு, கண்ணு மங்கிப் போச்சுன்னு நெனச்சேன். எம் பொண்டாட்டி என்னைய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுறா."

"தெரியாமப் பண்ணிட்டேண்ணே."

"கூட்டுனது தெரியாம. எழுதுனது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மேடம் வந்துட்டாக. போய்ச் சொல்லு" என்றார்.

ஜெகதீஸ்வரி அதட்டிப் பேசுகிறவர் இல்லை. கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, மாரீஸ்வரி சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். சுகப்பிரியாவை வரச்சொல்லி அந்தச் சிவப்புச் சுழிப்புத் தாளைக் கொண்டுவரச் செய்தார். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒவ்வொரு தேதியாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகுதான் பேசினார்.

"ஜெயபாண்டிக்கு நேத்து நான் சொன்னது ஞாபகம் இருக்கு. அவுக மூஞ்சியும் ஞாபகம் இருக்கு. அதை இப்ப எங்க கொண்டு போய் வைக்க?"

"தப்புத்தான் மேடம்."

"தொண்ணூறு வச்சது எனக்குப் பெருசு இல்ல மாரீஸ்வரி. ஏன் அறுபதுன்னு ஒனக்கு நான் சொல்லல. எனக்கே தெரியாது. ஆனா நீ எழுதுற தாள் பொய் சொன்னா, நான் எதைப் பாத்து எதைக் கண்டுபிடிப்பேன்? ரெண்டு மாசம் மெஷினைச் சந்தேகப்பட்டேன். பெறகு ஒரு நல்ல மனுசனைச் சந்தேகப்பட்டேன். வயித்துக்கோளாறுன்னு வாங்கிச் சாப்புடுறவுக மாத்திரை கரையாம அப்படியே வெளிய போகுது. அதுக்கு என்ன செய்ய?"

மாரீஸ்வரி தலையைக் குனிந்து நின்றாள். கண்ணீர் வந்தது. துடைத்தால் இரக்கம் கேட்பது போல இருக்குமோ என்று துடைக்காமல் நின்றாள்.

சுகப்பிரியாதான் குறுக்கே பேசினாள். "மேடம், அக்கா சொல்லுறது சரிதானான்னு மொதல்ல பாத்துருவோம். ஒரே கலவையை எடுத்து அழுத்தத்தை மட்டும் மாத்தி மாத்தி ஓட்டுவோம். ஜெயபாண்டியண்ணன் ஒரே அளவுல அடிக்கட்டும். தெரிஞ்சிரும்."

"ஓட்டுங்க. நானும் வாரேன்" என்றார் மேடம்.

அறுபது கிலோ கலவையை நான்காகப் பிரித்தார்கள். முதல் பங்கு அறுபது பாரில், அடுத்தது எழுபத்தைந்தில், மூன்றாவது தொண்ணூறில். ஒரு பங்கைக் கைவசம் நிறுத்தி வைத்தார்கள். பத்து நிமிசத்துக்கு ஒருமுறை சுகப்பிரியா பலகையில் தெரிந்ததைப் பார்த்து எழுதினாள். மாரீஸ்வரி பக்கத்தில் நின்று, தான் பார்த்ததைத் தனியாக எழுதினாள். ஒவ்வொன்றிலும் வந்த தூளைச் சலித்து நிறுத்தார்கள். மாத்திரை மெஷினை ஜெயபாண்டி ஒரே அளவில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிற்பாடு யாரும் அவர் கையைச் சொல்லிவிடக் கூடாது என்ற மாதிரி.

மூன்று மணிக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அறுபதில் வந்த குருணை முழுசான மாத்திரையாக விழுந்தது. சுகப்பிரியா சுழலும் டப்பாவில் போட்டு உருட்டியும் ஓரம் உதிரவில்லை. மாத்திரையை முக்கிப் பார்க்கும் வெந்நீர்க் கூடையில் பன்னிரண்டு நிமிசத்தில் கரைந்தது. எழுபத்தைந்து அப்படியும் இப்படியுமாக இருந்தது. தொண்ணூறில் வந்தது மெஷினை விட்டு வெளியே வரும்போதே மண்டை மண்டையாகக் கழன்று தட்டில் விழுந்தது. மேடம் ஒன்றை எடுத்து விரலால் தள்ளினார். மேல்மூடி தனியாக வந்தது.

"இது ஏன் இப்படி?" என்று கேட்டார்.

"பொடிக்கு நசுங்கி ஒட்டிக்கிடுற தெம்பு ஓரளவுதான் மேடம்" என்றாள் சுகப்பிரியா. "ரோலர்லயே அம்புட்டையும் தீத்துட்டா, மாத்திரை அடிக்கும்போது ஒட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. அண்ணன் எம்புட்டு அடிச்சாலும் அது கல்லும் கல்லும் உரசுற மாதிரிதான். நானும் மாத்திரையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். குருணையை நசுக்கிப் பாக்கணும்னு எனக்குத் தோணல."

ஜெயபாண்டி முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

"அப்ப அறுபதே இருக்கட்டும். தூள் வந்தா வரட்டும்" என்று மேடம் எழுந்தார்.

அப்போதுதான் மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். பேசுவதற்கு அன்று தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தும் சொன்னாள். "மேடம், தூள் எல்லா எடத்துலயும் இருந்து வரல. ஓரத்துல இருந்து வருது."

அறுபதில் வந்த பட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள். நடுப்பகுதி கெட்டியாக இருந்தது. இரண்டு ஓரமும் நைந்துபோன சேலைக்கரை மாதிரி பிசிறு பிசிறாக உதிர்ந்தது. மில்லில் நூல் எங்கே அறுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. இந்த ஓரத்தை அவள் பல நாள் பார்த்திருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னொண்ணு. கழுவுறதுக்காக உருளை வேகத்தைக் கொறைப்பேன்ல, அந்தக் கடைசிக் கொஞ்ச நேரத்துல வர்ற பட்டை முறியாம முழுசா வரும். ஏன்னு தெரியல."

எல்லாரும் ஜெயபாண்டியைப் பார்த்தார்கள். மெஷினைத் திறக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் மாரீஸ்வரியைப் பார்க்காமலே தன் அறைக்குப் போனார். மஞ்சள் பையிலிருந்து இரண்டு ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு வந்தார்.

உருளைகளின் இரண்டு பக்கமும் பொடி வழியாமல் அடைத்துக்கொண்டிருக்கும் வெள்ளைத் தகடுகளைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டிலும் விரல் அகலத்துக்குத் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

"இதுல பாதிப் பொடி நசுங்காமலே ஓடிருக்கும்" என்றார். அது யாருக்கும் சொன்னதாக இல்லை, தகட்டுக்குச் சொன்னது போல இருந்தது. பிறகு உருளையைத் தட்டினார். "எட்டுச் சுத்தும் வேகந்தான். இலைப்பொடிக்குள்ள காத்து இருக்கும். அது வெளியேற நேரம் குடுக்கணும்ல. வெரட்டுனா பட்டைக்குள்ளயே மாட்டிக்கிட்டு, வெளிய வந்ததும் ஒடைச்சுக்கிட்டு வரும்."

அன்று மாரீஸ்வரி கடைசி பஸ்ஸில்தான் ஊருக்குப் போனாள். வீட்டு முற்றத்தில் ஆறு குடமும் நிறைந்து, வாய்க்குத் துணி கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் பிடித்து வைத்துவிட்டுப் போனாளாம். மாமனார் சொல்லிவிட்டிருக்கிறார். "கேட்டதுக்கு அந்தப் புள்ள, இத்தன நாளா ஏன் கேக்கலன்னு என்னையவே சத்தம் போடுது" என்றார். மூன்று வருசத்துக்கு முன்னால் வேலித்தகராறில் பேச்சு நின்றுபோன வீடு அது. போய்க் கேட்பதைவிடப் பஸ்ஸுக்கு ஓடுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அந்த வெட்கத்தோடு அவள் அடுத்த வீட்டுக்குப் போய், ராக்கம்மாள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மேடம் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "ஜெயபாண்டி, நான் ஒங்களைத் தப்பாச் சொல்லிட்டேன். எல்லாரு முன்னாடியும் சொல்லுறேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். ஜெயபாண்டி தரையைப் பார்த்துத் தலையாட்டினார். மாரீஸ்வரிக்கு எழுத்தில் எச்சரிக்கை. மூன்று மாசத்துக்கு அவள் எழுதுகிற ஒவ்வொரு எண்ணையும் சுகப்பிரியா பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் தாளை வாங்கிப் படித்து, கையெழுத்திட்டாள். வேலை போகவில்லை என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கழிந்த ஆறு லாட்டையும் கடைகளிலிருந்து வந்தவற்றையும் கட்டடத்துக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினார்கள். டிரம்களைக் கவிழ்த்தது அவள்தான். தன் கொழுந்தன் காட்டு இலையும் அதில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

புதுத் தகடுகள் வர ஒன்பது நாள் ஆயிற்று. அவற்றை மாட்டிய பிறகு மறுபடி சோதனை. உருளையை ஐந்து சுற்றுக்குக் குறைத்தபோது திருகாணி பழைய வேகத்திலேயே தள்ளியதால் பொடி நெரிந்து, மோட்டார் முனகி, அழுத்தமுள் ஏறி இறங்கி ஆடியது. திருகாணியையும் குறைத்தார்கள். அதிகமாகக் குறைத்துவிட்டபோது பட்டை காகிதம் போல மெலிந்து கிழிந்தது. ஒரு நாளைக்கு ஒரு குமிழ் மட்டும்தான் தொட வேண்டும், இரண்டை ஒன்றாகத் தொட்டால் எது செய்த வேலை என்று தெரியாது என்று சுகப்பிரியா கறாராக இருந்தாள். ஜெயபாண்டி குருணையை வாங்கி அடித்துப் பார்த்து, "நேத்தைக்கு இது தேவல" என்றோ "போறாது" என்றோ சுகப்பிரியாவிடம் சொல்வார். மாரீஸ்வரியிடம் நேராக ஒன்றும் சொல்லமாட்டார்.

ஆவணி முதல் வாரத்தில் அறுபத்திரண்டு பாரில், உருளை ஐந்து சுற்றில் மெஷின் நிலைக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்காகக் கொட்டிய தூள் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. ஓட்டம் மெதுவாக இருந்தாலும் அள்ளி அள்ளி மறுபடி போடுகிற வேலை பெரும்பாலும் இல்லாமல் போனதால், ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்தது. தொடர்ந்து பதினோரு லாட்டு ஒன்றுகூடக் கழியாமல் போயிற்று. பன்னிரண்டாவது லாட்டு அன்று, மாத்திரை அறையிலிருந்து ஜெயபாண்டி தட்டோடு வெளியே வந்தார். தட்டை அவள் முன்னால் நீட்டினார்.

"எடுத்து ஒடைச்சுப் பாரு."

அவள் ஒரு மாத்திரையை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். உடையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியதும் நடுவில் நேராக இரண்டாகப் பிளந்தது.

"அடியை நான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வச்சிருந்ததுல பாதிதான் வச்சிருக்கேன்" என்றார். "மெஷினே மூச்சு விடுது."

"எனக்கு இன்னும் ஒங்க மூஞ்சியப் பாக்கக் கூச்சமா இருக்குண்ணே."

"இருக்கட்டும். கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் பழைய கடுப்பு இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது திரும்பி நின்று, "நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"இருந்திருக்கலாம்ணே. அன்னைக்குச் சோறு இறங்கல."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புரட்டாசியில் ஒரு காலை, மேடம் ஒரு சின்னச் சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு ரோலர் அறைக்குள் வந்தார். உள்ளே மஞ்சளாக ஒரு பொடி. ஆவாரம்பூ. பூ சேர்ந்த மாத்திரை ஒன்று போடலாம் என்று பார்ப்பதாகச் சொன்னார்.

"நிலாவாரைக்கு வச்ச அளவே இதுக்குச் சரியா வருமா?"

மாரீஸ்வரி ஒரு கை அள்ளி விரலிடையில் உருட்டிப் பார்த்தாள். இலைப்பொடியைவிட இது மெத்தென்று, லேசாகப் பிசுபிசுப்பாக இருந்தது. உருளையில் ஒட்டினாலும் ஒட்டும்.

"வராது மேடம். மொதல்ல இருந்து பாக்கணும்."

"எம்புட்டு நாளாகும்?"

"தெரியல மேடம். பத்து நாள் குடுங்க. ஆனது ஆகாதது எல்லாத்தையும் எழுதித் தாரேன்."

மேடம் சரியென்று சாக்கை அவளிடமே விட்டுவிட்டுப் போனார். சுகப்பிரியா பேனாவோடு வந்து பக்கத்தில் நின்றாள். சத்தம் கேட்டு ஜெயபாண்டியும் எட்டிப் பார்த்து, "நாப்பதுல ஆரம்பி. பூவுப் பொடி, கெதக்குனு அமுங்கும்" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே சாய்ந்து நின்றார். மாரீஸ்வரி புது நோட்டைப் பிரித்தாள். தேதி போட்டாள், கிழமையும் போட்டாள். குமிழை நாற்பதுக்குத் திருப்பி, முள் நிற்கும்வரை பார்த்திருந்தாள். முள் முப்பத்தெட்டுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை அப்படியே எழுதினாள்.